மெல்ல ஆடிய கப்பல்: 'வராட்டா' காணாமல்போன வழக்கு

ஜூன் பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: சாளை வந்துவிட்டதா? இங்கே அதற்கு 'சார்டின் ரன்' என்று பெயர். கேப் பக்கத்துக் குளிர்ந்த கடலிலிருந்து கூட்டங்கூட்டமாக மேலேறி வரும் மீன். சில வருடம் கரைக்கே வந்து மணலில் துள்ளும். வேலைக்குப் போகிறவர்கள்கூட காரை நிறுத்திவிட்டு வாளியோடு இறங்குவார்கள். கரைவலை இழுப்பவர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களின் பேரன், கொள்ளுப்பேரன்மார். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு மீன்பிடித்த குடும்பங்கள்.

அப்படி ஒரு குடும்பத்துத் தாத்தா இப்போது டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். பாதி இங்கிலீஷ், பாதி பழைய வடாற்காட்டுத் தமிழ். போன சீசனில் கரையில் நின்றுகொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "தம்பி, இந்தத் தெக்குக் காத்து வந்தாத்தான் மீனு கரைக்கு வரும். ஆனா இதே காத்துலதான் கப்பலு போவும். போனா திரும்பி வராது."

"எந்தக் கப்பல் தாத்தா?"

"வராட்டாதான். வேற எது?"

நான் தூத்துக்குடிக்காரன். என் அப்பாவின் அப்பா தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். நான் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராகப் பதினாறு வருடம் ஓடிவிட்டு டர்பனில் கரைவேலைக்கு ஒதுங்கியவன். 1909 ஜூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் புறப்பட்டு, 211 பேரோடு காணாமல்போன பயணிகள் கப்பல் வராட்டா. அதைப் பற்றி இந்த ஊரில் பேசாத கப்பல்காரன் இல்லை. பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அமானுஷ்யத்தில் போய் முடிப்பார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. யார் எதை, எப்போது, எங்கிருந்து பார்த்தார்கள் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த வழக்கு வேறு மாதிரி தெரிகிறது.

கப்பல்

வராட்டா கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் கட்டுதளத்தில் கட்டப்பட்டு 1908 செப்டம்பரில் நீரில் இறங்கியது. உரிமையாளர் லண்டனின் லண்ட் குடும்பம் நடத்திய புளூ ஆங்கர் லைன். நீளம் 465 அடி, 9,339 டன். பெயர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பூவினுடையது. இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா போவது, திரும்பும்போது கம்பளி, கோதுமை மாவு, உறைந்த இறைச்சி, ஈயம் என்று சரக்கோடு கொஞ்சம் பணக்காரப் பயணிகளையும் கொண்டுவருவது, இதுதான் அதன் பிழைப்பு. இசைக்கூடம் இருந்தது, அதற்கு மேல்மாடம் இருந்தது. வயர்லெஸ் இல்லை. அன்றைக்கு அது கட்டாயமும் இல்லை. அதே 1909 ஜனவரியில்தான் அமெரிக்கக் கரைக்கு அருகே மோதலில் சிக்கிய 'ரிபப்ளிக்' கப்பல் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டு, அதிலிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்திருந்தார்கள். செய்தி உலகமெல்லாம் பரவியது. பரவி என்ன, புதுக் கப்பலுக்கு ஒரு கருவி வாங்கி மாட்ட யாருக்கும் அவசரம் இல்லை.

கேப்டன் ஜோசையா இல்பெரி, அந்தக் கம்பெனியின் மூத்த கேப்டன். 1908 நவம்பரில் கன்னிப்பயணம். அதில் பெரிய அசம்பாவிதம் எதுவும் இல்லை. இரண்டாவது பயணத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் வழியில் 1909 ஜூலை 25 அன்று டர்பனுக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஜூலையில் இங்கிருந்த தமிழர்களுக்கு வேறு துக்கம் இருந்தது. டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகத்தில் சிறைபோன நாகப்பன் என்ற இளைஞர், விடுதலையான கையோடு ஜூலை 6 அன்று இறந்திருந்தார். மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் அப்போதும் வந்துகொண்டிருந்தன, 1911-ல்தான் நின்றன. துறைமுகத்தில் கப்பல்களுக்கு ஏற்றும் நிலக்கரி நேட்டால் வடக்கிலிருந்து ரயிலில் வரும். சுரங்கத்தில் அதை வெட்டியவர்களிலும், தண்டவாளத்தில் வேலை செய்தவர்களிலும் நம் ஆட்கள் உண்டு. வராட்டா டர்பனில் ஏற்றிக்கொண்டது அந்தக் கரியைத்தான்.

இறங்கிப்போன ஒருவர்

டர்பனில் ஒரு பயணி இறங்கிவிட்டார். கிளாட் சாயர், எஞ்சினியர், நிறையக் கப்பல் பயணம் செய்தவர். கேப் டவுன் வரை டிக்கெட் இருந்தும் இறங்கினார். லண்டனில் இருந்த மனைவிக்கு அவர் அனுப்பிய தந்தியின் சாரம் இவ்வளவுதான்: வராட்டாவுக்கு மேல்பாரம் அதிகம் என்று பட்டது, டர்பனில் இறங்கிவிட்டேன்.

சாயரின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் தந்தி இல்லை, கனவு. விசித்திரமான உடையில் ஒரு மனிதன், வலக்கையில் நீண்ட வாள், இடக்கையில் ரத்தம் தோய்ந்த துணி. கப்பலில் மூன்று முறை இந்தக் கனவு வந்ததாகப் பின்னால் விசாரணையில் சொன்னார். டர்பன் தமிழ்ப் பாட்டி ஒருத்தியிடம் இதைச் சொன்னால் ஒரு நொடி யோசிக்காமல் சொல்வாள்: "முனீஸ்வரன்தான்யா வந்து எச்சரிச்சிருக்காரு." இங்கே இன்றும் வீட்டுக்கு வீடு முனீஸ்வரனுக்குப் படையல் உண்டு. அதுவும் ஆடி மாதம். மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற நம்மூர்ப் பழமொழி, பூமத்திய ரேகையைத் தாண்டி இங்கே வந்தும் பொய்க்கவில்லை.

கனவு எல்லோருக்கும் பிடித்துப்போனதால் சாயர் சொன்ன முக்கியமான விஷயம் அதற்கு அடியில் புதைந்துவிட்டது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால், நிமிர்வதற்கு முன் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிறது என்றார். எதிரே வரும் அலையின் மேல் ஏறாமல் அதற்குள் முட்டிக்கொண்டு போகிறது என்றார். இவை கனவு இல்லை. விழித்திருந்து பார்த்தவை.

இதை உணர்ந்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. கன்னிப்பயணத்தின் திரும்புகாலில் அடிலெய்டிலிருந்து குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போன ஒரு பேராசிரியரும் அதையே சொன்னார். அவர் வில்லியம் பிராக். 1915-ல் மகனோடு சேர்ந்து இயற்பியல் நோபல் வாங்கியவர். புவியீர்ப்பு மையம் என்றால் என்னவென்று அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் கனம். சாய்த்துவிட்டால் வெடுக்கென்று எழும், அந்தப் பக்கம் போகும், மறுபடி இந்தப் பக்கம் வரும். அப்படி வெடுக்வெடுக்கென்று ஆடும் கப்பலில் சோறு தட்டில் நிற்காது, ஆளுக்கு வாந்தி வரும். ஆனால் கவிழாது. இப்போது பொம்மையின் தலைக்குள் கொஞ்சம் களிமண்ணை அடைத்துப் பாருங்கள். சாய்த்தால் யோசிக்கும். யோசித்துவிட்டு மெல்ல எழும். பயணிக்கு இது சுகம், தொட்டில் மாதிரி. களிமண் இன்னும் கொஞ்சம் கூடினால் எழவே எழாது. பயணிகள் கப்பலில் உயரமான மாடிகள் வேண்டும், காற்றோட்டமான அறைகள் வேண்டும், ஆட்டமும் மென்மையாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் கப்பலின் கனத்தை மேலே மேலே தள்ளுகிறவை. எவ்வளவு தூரம் தள்ளலாம் என்பதுதான் கட்டுகிறவனின் கணக்கு.

தோணியில் இதற்குக் கணக்கெல்லாம் கிடையாது. என் தாத்தா சரக்கு ஏற்றி முடித்ததும் தோணியின் ஓரத்தில் நின்று காலால் ஓர் அழுத்து அழுத்துவாராம். எழும்பி வருகிற வேகத்தை வைத்து, "இன்னும் ரெண்டு மூடை அடியில போடு" என்பாராம். 9,339 டன்னைக் காலால் அழுத்திப் பார்க்க முடியாது. ஆனால் மேல்தளத்தில் நடக்கிற பயணியின் காலுக்கு அது தெரிந்திருக்கிறது.

27 ஜூலை

ஜூலை 26 இரவு சுமார் எட்டேகால் மணிக்கு வராட்டா டர்பனைவிட்டுப் புறப்பட்டது. உள்ளே 211 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 29-ஆம் தேதி கேப் டவுன் சேர வேண்டும்.

இங்கே சாட்ஸ்வொர்த் தாத்தாவின் சாட்சியத்தைச் சொல்லியாக வேண்டும். அவருடைய தாத்தா சாலிஸ்பரி தீவில் வலை உலர்த்திக்கொண்டிருந்தபோது கப்பல் வெளியேறியதாம். வாசலைத் தாண்டும்போதே ஒருபக்கமாகச் சாய்ந்திருந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜூலையில் டர்பனில் ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். எட்டேகால் இருட்டில், விளக்குகளை மட்டும் வைத்துச் சாய்வைக் கண்டிருக்க முடியாது. அந்த நேரத்தில் எவரும் வலை உலர்த்தவும் மாட்டார்கள். கப்பல் காணாமல்போன செய்தி வந்த பிறகு நினைவு தன்னைத்தானே திருத்திக்கொண்டிருக்கிறது. தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "இருக்கலாம்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நம்மவர் சொன்னது என்பதற்காக அதை ஆவணத்தில் சேர்க்க முடியாது. இந்த அளவுகோலை மற்ற சாட்சிகளுக்கும் வைப்போம்.

மறுநாள் காலை, போர்ட் செயின்ட் ஜான்ஸுக்கு அப்பால், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த 'கிளான் மேக்கின்டயர்' என்ற சரக்குக் கப்பலை வராட்டா பிடித்து முந்தியது. விளக்குச் சமிக்ஞையில் பேசிக்கொண்டார்கள். எந்தக் கப்பல், எங்கே போகிறீர்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்போது காற்று எப்படி என்று விசாரிப்பு. நல்ல பயணம் அமையட்டும் என்று வாழ்த்திப் பிரிந்தார்கள். ஒன்பதரை வாக்கில் வராட்டா பாஷி ஆற்று முகத்தின் திசையில் பார்வையிலிருந்து மறைந்தது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கடைசிப் பார்வை இதுதான். அன்று காற்று வலுத்தது. அடுத்த நாள் கிளான் மேக்கின்டயர் கடும் புயலில் சிக்கித் திணறியது.

இதற்குப் பிறகு வரும் மூன்று சாட்சியங்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கரையோரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்து தென்மேற்கே இறங்கினால் முதலில் போர்ட் செயின்ட் ஜான்ஸ், பிறகு காஃபி பே, சோரா ஆறு, பாஷி ஆறு, இன்னும் கீழே ஈஸ்ட் லண்டன்.

அன்று மாலை ஐந்தரைக்கு 'ஹார்லோ' என்ற கப்பலின் கேப்டன் போர்ட் செயின்ட் ஜான்ஸின் கேப் ஹெர்மிஸ் அருகே தனக்குப் பின்னால் ஒரு கப்பலின் புகையைப் பார்த்தார். தீப்பிடித்ததோ என்று நினைக்கும் அளவுக்குப் புகை. இருட்டிய பின் அதன் விளக்குகள் தெரிந்தன. பிறகு இரண்டு பெரிய வெளிச்சங்கள். அதன்பின் ஒன்றும் இல்லை. கரையில் புதர் எரிகிறது என்றார் அவருடைய துணை அதிகாரி. அது வராட்டா என்றால், காலையில் கடந்துபோன இடத்துக்கே திரும்பி வந்திருக்க வேண்டும்.

அதே இரவு, ஈஸ்ட் லண்டனுக்கு அருகே ஹூட் பாயிண்ட் பக்கத்தில், 'கெல்ஃப்' என்ற பயணிகள் கப்பல் எதிரே வந்த ஒரு பெரிய கப்பலோடு விளக்கில் பேச முயன்றது. மூன்று எழுத்துகள்தான் படிக்க முடிந்தது: டி, ஏ, எச். வராட்டாவின் கடைசி மூன்று எழுத்துகள். ஆனால் பதின்மூன்று நாட், அதாவது மணிக்குப் பதின்மூன்று கடல் மைல், வேகத்தில் ஓடும் கப்பல் அந்த இடத்தைப் பிற்பகலிலேயே கடந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சாட்சி இருபது வருடம் வாய் திறக்காதவர். கேப் மவுண்டட் ரைஃபிள்மென் படையில் இருந்த ஜோ கான்கர், சோரா ஆற்று முகத்தருகே ஜூலை 28 அன்று தொலைநோக்கியில் ஒரு நீராவிக் கப்பலைப் பார்த்ததாக 1929-ல் சொன்னார். அது வலப்பக்கம் வெகுவாகச் சாய்ந்தது, நிமிர்வதற்குள் அடுத்த அலை அதன் மேல் புரண்டது, பிறகு காணவில்லை. அன்றைக்கே மேலதிகாரியிடம் சொன்னாராம், யாரும் பொருட்படுத்தவில்லையாம்.

கான்கரை நம்பப் பலருக்கு ஆசை. எனக்கும்தான். ஆனால் சாயர் விசாரணையில் இன்னொரு கனவையும் சொல்லியிருந்தார்: டர்பனில் தங்கியிருந்தபோது கண்டது, அலை முன்பக்கத்தில் ஏறிவர, கப்பல் வலப்பக்கம் புரண்டு மறைந்தது. அது பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. 1929-ல் ஒருவர் சொல்லும் காட்சி, 1911-க்குள் உலகமே படித்துவிட்ட ஒரு கனவோடு இவ்வளவு ஒட்டிப்போனால், சாலிஸ்பரி தீவின் வலை உலர்த்தலை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கான்கர் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. அன்று அவர் ஒரு கப்பலைப் பார்த்துமிருக்கலாம். இருபது வருடத்தில் அந்தக் கப்பல் எவ்வளவு சாய்ந்தது என்பது மட்டும் மாறியிருக்கலாம்.

ஹார்லோ சரி என்றால் கெல்ஃப் தவறு. கெல்ஃப் சரி என்றால் ஹார்லோ தவறு. இரண்டும் தவறு என்றால் கப்பலின் முடிவு 27 காலை ஒன்பதரைக்குப் பின் எந்த நேரமும் ஆகலாம். என் கணிப்பில் கெல்ஃப் பார்த்ததுதான் இவற்றில் கனமானது. ஏனென்றால் அது பின்னால் கூட்டிச் சேர்த்த நினைவு இல்லை, அந்த இரவே விளக்கில் படித்த எழுத்து. வராட்டா ஏன் தாமதமாக அங்கே இருந்தது என்பதற்கு எதிர்க்காற்றே போதும்.

தேடியவர்கள்

கேப் டவுனில் ஓரிரு நாள் யாரும் பதறவில்லை. பிறகு இழுவைக் கப்பல் போனது, கடற்படையின் பண்டோரா, ஃபோர்ட், ஹெர்மிஸ் ஆகியவை போயின. ஹெர்மிஸ் அங்கே சந்தித்த அலைகளில் அதன் உடலே நெளிந்து, திரும்பி வந்ததும் உலர்துறையில் ஏற்ற வேண்டியதாயிற்று. போர்க்கப்பலுக்கே இந்தக் கதி. 'இன்சிஸ்வா', 'டாட்டன்ஹாம்' என்ற இரு கப்பல்களில் இருந்தவர்கள் பிணங்கள் போன்றவை மிதந்ததாகச் சொன்னார்கள். தேடிப் போனவர்கள் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆகஸ்ட் 10 அன்று ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தந்தி: புளூ ஆங்கர் கப்பல் ஒன்று மெதுவாக டர்பன் நோக்கி வருகிறது, வராட்டாவாக இருக்கலாம். அங்கே நாடாளுமன்றத்தில் அதை வாசித்தார்கள். வந்தது வேறு கப்பல்.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1899-ல் 'வைக்காட்டோ' என்ற கப்பல் இதே தென்முனைக்கு அப்பால் சுழலித் தண்டு உடைந்து மூன்று மாதத்துக்கு மேல் இந்தியப் பெருங்கடலில் மிதந்து, கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு இழுத்துவரப்பட்டது. வராட்டாவும் அப்படி எங்கோ மிதக்கும் என்றுதான் 'சபீன்' என்ற கப்பலை அமர்த்தி 14,000 மைல் தேடினார்கள். 1910-ல் உறவினர்கள் காசு திரட்டி 'வேக்ஃபீல்டு' என்ற கப்பலையும் அனுப்பினார்கள். அதற்குள் 1909 டிசம்பரில் லண்டனின் கப்பல் காப்பீட்டுச் சந்தையான லாய்ட்ஸ் வராட்டாவைக் காணாமல்போன கப்பல் என்று எழுதிவிட்டது. புளூ ஆங்கர் கம்பெனி எழவில்லை. 1910-ல் பி அண்ட் ஓ என்ற பெரிய கப்பல் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது.

லண்டன் விசாரணை

1910 டிசம்பரில் லண்டன் கேக்ஸ்டன் ஹாலில் விசாரணை தொடங்கி 1911 பிப்ரவரியில் முடிந்தது. கப்பல் நிலையானது என்று சொல்ல ஒரு கூட்டம், இல்லை என்று சொல்ல ஒரு கூட்டம். ஒரே கப்பலில் ஒரே பயணம் போனவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். இது எனக்கு வியப்பில்லை. மெல்ல ஆடும் கப்பல் ஒருவருக்குத் தொட்டில், இன்னொருவருக்குத் திகில்.

விசாரணையின் நடுவில் வெளியே வந்த கடிதங்கள்தான் விறுவிறுப்பு. முதல் பயணம் முடிந்ததும் உரிமையாளர்கள் கட்டுதளத்துக்கு எழுதியிருக்கிறார்கள்: எங்கள் பழைய 'ஜீலாங்' கப்பல் அளவுக்கு இது நிலையாக இல்லையே என்று. நீதிமன்றத்தில் கேட்டபோது, கட்டியவர்களிடம் பேரத்துக்காக எழுதியது என்கிற தொனியில் விளக்கம். இரண்டில் ஒன்று பொய். கப்பலைப் பற்றி எழுதியது பொய்யா, நீதிமன்றத்தில் சொன்னது பொய்யா என்பதுதான் கேள்வி. அனுபவசாலியான கேப்டன் இல்பெரி கப்பல் எப்படி நடந்துகொண்டது என்று விரிவாக எதுவும் எழுதிவைக்காமல் போனது நீதிமன்றத்துக்கும் உறுத்தியது.

தீர்ப்பு: அசாதாரணமான புயலில், அந்தக் கப்பல் சந்தித்த முதல் பெரும் புயலில், கவிழ்ந்திருக்க வேண்டும். யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை.

அந்தக் கடல்

1911-ல் அந்த நீதிமன்றத்துக்குத் தெரியாத ஒன்று இப்போது நமக்குத் தெரியும். இந்தக் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கே பாய்கிறது. தூத்துக்குடியில் நீவாடு என்போமே, அதன் ராட்சத வடிவம். வேகமான இடங்களில் மணிக்கு நாலைந்து கடல் மைல். கரையிலிருந்து ஆழம் மெதுவாக இறங்கி, சுமார் நூறு பாகத்தில், அதாவது 200 மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே, சட்டென்று சரிகிறது. நீரோட்டத்தின் வலுவான பகுதி அந்தச் சரிவின் விளிம்புக்கு வெளியே ஓடுகிறது. தெற்கே போகும் கப்பலுக்கு அது இலவசச் சவாரி. கரி மிச்சம், நேரம் மிச்சம். வராட்டா போன்ற கப்பல்கள் விரும்பி ஏறிக்கொள்ளும் பாதை அது.

குளிர்காலத்தில் தென்முனையைச் சுற்றிப் புயல்கள் வரும். அதற்கு முன் சில நாள் வடகிழக்குக் காற்று அடிக்கும், காற்றழுத்தமானி இறங்கும். பிறகு ஒரு கணத்தில் காற்று தென்மேற்குக்குத் திரும்பும். தெற்கே பெருங்கடலில் பிறந்த நீண்ட அலைகள் அந்தக் காற்றோடு வந்து, எதிரே பாயும் நீரோட்டத்தில் மோதும். மோதினால் அலையின் நீளம் சுருங்கும், உயரம் கூடும், முகம் செங்குத்தாகும். அதற்கு முன்னால் ஆழமான பள்ளம். அலையைவிடப் பள்ளம்தான் மோசம். 1964-ல் 'எடின்பரோ காஸில்' என்ற 28,000 டன்னுக்கு மேற்பட்ட பயணிகள் கப்பல் இதே கரையில் அப்படி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கடலில் ஓர் ஓட்டை இருந்த மாதிரி அதற்குள் போனோம் என்றார் அதன் கேப்டன். 1968-ல் 'வேர்ல்டு குளோரி' என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாக முறிந்தது. 1973-ல் 'நெப்டியூன் சஃபையர்' தன் முன்பகுதியையே இழந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாலரி இத்தகைய சம்பவங்களைத் தொகுத்து 1974-ல் எழுதிய பிறகுதான் மாலுமிகளின் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள் வாயடைத்தார்கள்.

இப்போது இந்தப் பாதையில் போகிறவர்களுக்குச் சொல்லித்தருவது எளிய விதி: வடகிழக்கு அடித்துக்கொண்டிருக்கிறது, அழுத்தம் இறங்குகிறது, தென்மேற்கு வரப்போகிறது என்றால் 200 மீட்டர் கோட்டுக்கு உள்ளே கரைப்பக்கம் வந்துவிடு. நான் ஒரு சரக்குக் கப்பலில் இருந்தபோது கேப்டன் இதைச் செய்தார். நடு இரவில் எஞ்சின் அறையில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டம் சட்டென்று குறைந்ததை வைத்துத்தான் உள்ளே வந்துவிட்டோம் என்று புரிந்தது. அரை மணி நேர வித்தியாசம்.

சாளை மீனுக்கு இந்த விதி பிறவியிலேயே தெரியும். அது நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவதில்லை. கரைக்கும் நீரோட்டத்துக்கும் நடுவே ஒதுங்கும் குளிர்ந்த நீர்ப்பட்டையில் மேலேறி வருகிறது. தெற்குக் காற்று அடித்தால் அந்தப் பட்டை இன்னும் கரையோரம் நெருங்கும், மீனும் நெருங்கும். தாத்தா சொன்ன "இதே காத்து" வெறும் பேச்சில்லை.

இனி என் முடிவு. கப்பலில் நிலைத்தன்மைக் குறை இருந்தது என்று மட்டும் சொல்வது போதாது. அதே குறையோடு ஒரு முழுச் சுற்றும் இரண்டாவது சுற்றின் பெரும்பகுதியும் ஓடியிருக்கிறது. பேரலை மட்டும் என்றாலும் போதாது. அன்று அதே கடலில் இருந்த கிளான் மேக்கின்டயர் பிழைத்தது. மெல்ல நிமிரும் கப்பலுக்கு அடுத்த அலை வருவதற்குள் நிமிர நேரம் வேண்டும். நீரோட்டம் சுருக்கிவிட்ட அலைகள் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. சாயரும் பிராக்கும் உணர்ந்த அந்தத் தயக்கம் திறந்த பெருங்கடலில் ஆபத்தில்லாமல் கழிந்திருக்கலாம். இந்தச் சரிவின் விளிம்பில் கழியாது. அந்தக் காலத்துச் சரக்கறை வாய்களை மரப்பலகையும் தார்ப்பாயும்தான் மூடியிருந்தன. ஒன்று உடைந்தாலும் பிறகு நிமிடக் கணக்குதான். படகு இறக்க நேரம் இருந்திருக்காது. மிச்சம் மீதி மிதந்தவற்றை நீரோட்டம் கரைக்குத் தராமல் தெற்கே அள்ளிச்சென்று, ஆப்பிரிக்க முனைக்குக் கீழே கிழக்காகத் திரும்பிவிடும். 1912-ல் நியூசிலாந்தின் வைக்குவில் வராட்டா பெயர் எழுதிய மிதவை வளையம் ஒன்று ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. திசை பொருந்துகிறது என்பதைத் தவிர அதில் வேறு எதையும் ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

கரித்தூசு வெடித்தது, கடலடி வாயு விழுங்கியது, சுழலில் இழுபட்டது என்றெல்லாம் உண்டு. ஹார்லோவின் இரண்டு வெளிச்சங்களை விட்டால் வெடிப்புக்கு ஆதாரம் இல்லை.

கிடைத்தது என்று நினைத்தது

1925-ல் ஒரு விமானப்படை விமானி இந்தக் கரை மீது பறக்கையில் தண்ணீருக்கடியில் ஒரு கப்பலைப் பார்த்ததாகச் சொன்னார். பின்னாளில் எம்லின் பிரவுன் என்ற தென்னாப்பிரிக்கர் இதற்காகவே வாழ்நாளில் இருபது வருடத்துக்கு மேல் கொடுத்தார். 1999-ல் அவர் குழுவின் ஒலியலைப் படத்தில் கடலடியில் ஒரு கப்பலின் உருவம் தெரிந்தது. வராட்டா கிடைத்துவிட்டது என்று உலகம் முழுக்கச் செய்தி. 2001-ல் நேரே இறங்கிப் பார்த்தபோது அதன்மேல் ராணுவ டாங்கிகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்ட 'நெய்ல்சீ மெடோ' அது. 2004-ல் பிரவுன் கைவிட்டார். இனி எங்கே தேடுவது என்று தனக்கே தெரியவில்லை என்றார்.

கெல்ஃப் பார்த்தது வராட்டாதான் என்ற என் கணிப்பு சரியானால், தேடல் இதுவரை அதிகம் கவனித்த பாஷி, சோரா பகுதிக்கும் கீழே, ஈஸ்ட் லண்டனுக்கு அப்பால், 200 மீட்டர் கோட்டுக்கு வெளியே போக வேண்டும். அங்கே கடலடி வேகமாக ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்குகிறது. மேலே நீரோட்டம் எந்தக் கருவியையும் ஒரு நிலையில் நிற்கவிடாது. அந்தச் செலவை ஏற்க யாருக்கும் காரணம் இல்லை. தங்கம் ஏற்றிய கப்பல் இல்லை, ஈயம்தான்.

1991 ஆகஸ்டில் 'ஓஷியானோஸ்' என்ற கிரேக்கப் பயணிகள் கப்பல் காஃபி பே அருகே, இதே மாதிரிப் புயலில், இயந்திர அறை வெள்ளத்தில் மூழ்கியது. 571 பேர் இருந்தார்கள். உதவிக் குரல் எழுந்தது, ஹெலிகாப்டர்கள் வந்தன, ஒருவர்கூடச் சாகவில்லை. கேப்டன் பயணிகளுக்கு முன்னாலேயே ஏறிப்போனதும், பாட்டுக்காரர்கள் நின்று ஆட்களை ஏற்றிவிட்டதும் தனிக்கதை. அதே கடல், அதே காற்று, 82 வருட இடைவெளி.

தாத்தாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது வலை பாதி கரையேறியிருந்தது. கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

"அப்ப எங்க தாத்தா பாக்கலேன்றே."

"இருட்டு தாத்தா."

"சரி. ஆனா அவரு தெக்குக் காத்து வரப்போவுதுன்னு அன்னிக்கே சொன்னாராம். அதையாவது எழுதிக்கோ."

எழுதிவிட்டேன்.